முப்பத்தெட்டு பேரின் சுளிப்பு

நான் அந்தப் படத்துக்காக ஒரு திங்கட்கிழமை முழுக்க வாதாடினேன். படத்தைப் பார்த்துவிட்டு வாதாடியிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். எதிர்த்து வாதாடியவரும் முன்னோட்டத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். ஆகவே அறையில் ஒரு சமநிலை நிலவியது.

படத்தின் பெயர் ‘கரைகாவலன்’. முன்பு வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்த சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. கதாநாயகன் கையைத் தூக்கினால் தண்ணீர் நிற்கும். சித்திரக்கதையின் கடைசி இதழில் அவன் இரண்டு கையையும் தூக்குகிறான். ஏரி அப்படியே அந்தரத்தில் தொங்குகிறது. ஊர் மொத்தமும் பிழைத்து, ஒரு நாய் உட்பட எல்லாரும் அவனைச் சுற்றி நின்று குதிக்கிறார்கள். படத்தில் நாயே இல்லை. அவனால் ஒரு பக்கத் தண்ணீரைத்தான் நிறுத்த முடிகிறது. கரை உடைந்தால் நகரமே போய்விடும் என்பதால் அவனே ஷட்டரைத் திறந்து, கீழே இருக்கும் ஒரு காலனியின் மேல் ஏரியை விடுகிறான். நகரம் அவனுக்கு மாலை போடுகிறது. காலனி அவனோடு பேசுவதில்லை. படம் முடிந்துவிடுகிறது.

மக்களுக்குச் சுளிப்பு வந்துவிட்டது.

சுளிப்பு என்பது வசை அல்ல, அளவை. எல்லார் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை ஏறிய பிறகு, கொட்டகைக்குள் நம்முடைய துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை சுளிப்பு என்று அரங்கின் கருவி குறித்துக்கொள்கிறது. ஒரே அரங்கில் தொடர்ந்து ஏழு நாள் ஒரே நேரக் காட்சியின் சராசரி அறுபதைத் தாண்டினால் படம் திரைத் திருத்த மன்றத்துக்கு வரும். மன்றம் ஒப்புக்கொண்டால் இயந்திரம் ஒரே மதியத்தில் முடிவை மாற்றி வரைந்துவிடும். அதே நடிகர்கள், அதே குரல்கள், வேறு முடிவு. பழைய பிரதி எல்லா இடங்களிலிருந்தும் அழிந்துவிடும். போன மாதம் ரயிலில் அடிபட்டுச் செத்த ஒரு நாயகி, இந்த மாதம் அதே ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்துப் புளியோதரை சாப்பிடுகிறாள். கூட்டம் முன்னைவிட அதிகம்.

அதனால் தயாரிப்பாளர்கள் யாரும் தற்காப்புக்கு ஆள் அனுப்புவதில்லை. ஆனால் தற்காப்பாளர் இல்லாமல் எந்தப் படத்தையும் திருத்தக் கூடாது என்று விதியில் யாரோ ஒரு நல்லவர் ஒரு வரி சேர்த்துவைத்திருக்கிறார். அந்த வரியை நிரப்பக் கல்லூரிகளிலிருந்து ஆள் பிடிப்பார்கள். என் வருகைப்பதிவு ஐம்பத்தெட்டு சதவீதம். “நித்திலா, நீ போய் வாதாடிட்டு வாடா, பத்து சதவீதம் போட்டுத் தர்றேன்” என்றார் துறைத்தலைவர். சினிமாவைக் காப்பாற்ற நான் புறப்பட்டது இப்படித்தான்.

மன்றம் என்பது கோடம்பாக்கத்தில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பஞ்சு. என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. நடுவர் மெகருன்னிசா மேடம் அன்று ஏற்கெனவே மூன்று படங்களைத் திருத்தியிருந்தார். எதிர்த்தரப்பில் விமர்சகர் கோமளேஸ்வரன். அவர் மூக்கைச் சொறிந்தாலும் பார்ப்பதற்குப் பதினோரு லட்சம் பேர் இருக்கிறார்கள்.

“மேடம், நான் அஞ்சாங்கிளாஸ்ல இருந்து கரைகாவலன் படிக்கிறவன். அவன் எங்களுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. அண்ணன் போய் ஜனங்கள முழுகடிப்பாரா?” என்றார்.

“உங்களுக்கு அண்ணன் இருக்காராங்க?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“அதான்.”

“தம்பி, ஜோக்கெல்லாம் வெளியில” என்றார் மேடம், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சரிங்க மேடம். சித்திரக்கதையில ஏரி அந்தரத்துல தொங்குது. ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் அதை எங்க எறக்கி வெச்சாங்க? அத்தனை வாரம் படிச்சவங்க யாராவது ஒரு லெட்டர் போட்டுக் கேட்டாங்களா? எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? அந்த ‘எங்க’ங்கறதத்தான் படம் கேக்குது.”

“அது கற்பனைங்க!”

“கற்பனையிலயும் தண்ணி பள்ளத்துக்குத்தாங்க போகும். பள்ளத்துல யாரு குடியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

“குழந்தைங்க பயந்து நடுங்குது. ஹீரோன்னா ஒரு நம்பிக்கை வேணாமா? இவன் கொலையும் பண்ணிட்டு மாலையும் வாங்கிக்கறான்.”

“வாங்கிட்டு அதைக் கழுத்துல வெச்சுக்க முடியாம அலையறான்ல, அதுதான் மீதிப் படம்” என்றேன். மீதிப் படம் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு விமர்சனத்தில் படித்திருந்தேன்.

மெகருன்னிசா மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா எங்க விதியில பேச்சுக்கு எடமில்ல, எண்ணுக்குத்தான். ஸ்ரீகுமுதா தியேட்டர், காலைக் காட்சி, ஏழு நாள், சராசரி எழுபத்தொன்பது. இந்த எண் தப்புன்னு காட்டுங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடுவேன்.”

தாள்கட்டு ஒன்றைத் தள்ளினார். அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் கல்லூரிக்குத் திரும்பினேன். காலைக் காட்சிக்கு வந்த பட்டைகள் நாற்பத்தொன்பது. பெயர் கிடையாது, பட்டை எண் மட்டும். அதில் முப்பத்தெட்டுப் பட்டைகளும் ஏழு நாளும் ஒரே நொடியில் ஏறி, ஒரே நொடியில் தொண்ணூற்று நான்கைத் தொட்டு, ஒரே நொடியில் இறங்கின. முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே நொடியில் கொட்டாவிகூட வராது. எண்களை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். இருபதாவது எண் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.

என் மணிக்கட்டில் பார்த்திருந்தேன்.

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். இந்தப் பருவத்தில் ‘ஆழ்ந்த பார்வை’ என்று ஒரு தாள். ஒரே படத்தைக் கொட்டகையில் ஏழு முறை பார்க்க வேண்டும். பட்டைப் பதிவுதான் அத்தாட்சி. இதற்கு வகுப்புப் பிரதிநிதி சத்தியசீலன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஜெசிந்தா எப்படியும் தினமும் காலைக் காட்சிக்குப் போகிறாள். ஆகவே எல்லாரும் பட்டையைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டோம். வகுப்பில் ப்ராக்ஸி கொடுத்துப் பழகியவர்களுக்கு இது இன்னொரு ‘உள்ளேன் ஐயா’. பட்டைக்குத் தோல் வேண்டும். யாருடைய தோல் என்று அது கேட்பதில்லை. கொட்டகைக் கருவிக்கு உள்ளே எத்தனை பட்டை இருக்கிறது என்று தெரியும். எத்தனை கை இருக்கிறது என்று தெரியாது.

அந்தப் படம் ‘கரைகாவலன்’ என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் ஏழு முறை பார்த்த படத்தின் பெயர் எனக்குத் தெரியாது.

கேன்டீனில் ஜெசிந்தா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். இந்த வெயிலிலும் முழுக்கை.

“கையக் கொஞ்சம் மடக்கு” என்றேன்.

மடக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை படிப்படியாகச் சிவந்த கோடுகள்.

“ஒரு கைக்கு எத்தனை?”

“பதினாறு. மிச்சம் ஆறு கணுக்கால்ல.”

“படம் உனக்கு அவ்வளவு பிடிக்கலையா?”

“பிடிக்கலையா?” அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அளவுகருவி இன்னும் வரவில்லை. “நித்திலா, இத்தன வருஷத்துல எனக்குன்னு வந்த ஒரே படம் இதான்டா.”

“அப்ப எதுக்கு தொண்ணூத்திநாலு?”

“என்ன தொண்ணூத்திநாலு? ஷட்டர் தூக்கற எடத்துல அழுவேன். தெனமும்தான். அதனால என்ன?”

தாளைக் காட்டி விளக்கினேன். நெஞ்சு வேகமாக அடித்தால், உள்ளங்கை வியர்த்தால், தொண்டை அடைத்தால் பட்டை அதைச் சுளிப்பு என்று எழுதிக்கொள்ளும். “அருவருப்புக்கும் அதேதான் நடக்கும், அழுகைக்கும் அதேதான். அது ஒரு மரமண்டை. அதுக்கு ரெண்டும் ஒண்ணு.”

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அப்ப இந்தப் படத்த மாத்தறாங்கன்னு பேப்பர்ல போட்டானே, அது என்னாலயா?”

கேட்ட கேள்விக்கெல்லாம் கைவசம் பதில் வைத்திருப்பவன் நான். அன்று மேஜையில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சுரண்டினேன்.

“எங்கப்பா நெடுங்கரை ஏரியில ஷட்டர் ஆபரேட்டரா இருந்தார்” என்றாள்.

நெடுங்கரை என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மழை. நகரம் தப்பியது. செங்கழுநீர் நகர் தப்பவில்லை.

“மேல இருந்து உத்தரவு வரல. ஃபோன் வேலை செய்யல. கரையில விரிசல் தெரிஞ்சதும் அவரே தூக்கிட்டார். அரைமணி நேரம் தாமதிச்சிருந்தா மொத்த ஊரும் போயிருக்கும்னு கமிட்டி எழுதிக் குடுத்தாங்க. பேப்பரு இன்னும் பீரோல இருக்கு.” கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். “நாங்க குடியிருந்ததும் செங்கழுநீர் நகர்லதான். அம்மாவும் நானும் மொட்டைமாடிக்கு ஏறிட்டோம். பக்கத்து வீட்டுல மாடி இல்ல.”

கேன்டீன்காரர் யாரையோ தோசைக்குக் கூப்பிட்டார்.

“அதுக்கப்புறம் அவர் படுக்கறதே இல்லடா. நாற்காலியில உக்காந்தே கண்ண மூடுவார். குழாய் சொட்டுனா எழுந்துடுவார். இந்தப் படத்துக்கு வாப்பான்னு கெஞ்சறேன். ‘ஹீரோ கையத் தூக்குவான், ஜனங்க கைதட்டுவாங்க, அத நான் வேற பாக்கணுமா’ங்கறார். அப்படி இல்லப்பா இதுன்னு சொன்னா நம்பல.” பிறகு, “நானே மன்றத்துக்கு வந்து உண்மையச் சொல்லிடறேன்” என்றாள்.

“ஏன் அழுதேன்னு கேப்பாங்க.”

“சொல்றேன்.”

“கோமளேஸ்வரனுக்குப் பதினோரு லட்சம் பேரு. சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டு வாசல்ல கேமரா நிக்கும். செங்கழுநீர் நகர்க்காரங்களையும் கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க.”

அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

செய்தி எப்படியோ சத்தியசீலனுக்குப் போய்விட்டது. என்னை நூலகத்துக்குப் பின்னால் ஓரங்கட்டினான்.

“மச்சான், ஒரு பொம்மைப் புத்தகப் படத்துக்காக முப்பத்தெட்டு பேரு பேப்பரக் காலி பண்ணுவியா? எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருச்சு. வாயத் தொறந்த, நான் மட்டுமில்ல, வகுப்பே உன்ன மன்னிக்காது.”

“படத்துலயும் இப்படி ஒரு வசனம் வருதாம்.”

“யாரு சொல்றா, ஹீரோவா?” அவன் முகத்தில் சின்ன சந்தோஷம் தெரிந்தது.

“மேயரு.”

புதன்கிழமை மாலை ஜெசிந்தா அழைத்தாள். அப்பா வருகிறாராம். என்ன சொல்லி மசிய வைத்தாய் என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மெஷின் இதையே மாத்தி, காலனியில எல்லாரும் பொழச்ச மாதிரி ஆக்கிடும்னு சொன்னேன். எழுந்து போய்க் குழாய இறுக்கி மூடுனார். அப்புறம், ‘எல்லாருமா? அப்ப அதுக்கு முன்னாடி பாத்துடறேன்’னார்.”

வியாழன் காலை ஸ்ரீகுமுதா வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவள் கையைப் பார்த்து, “இன்னிக்கு வளையல் ஒண்ணுதானாம்மா?” என்றார். அவள் அப்பா லூர்துராஜ் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, மருத்துவமனைக்கு வந்தவர்போல நின்றார். நான் அவரைச் சித்தப்பா என்றதும் ஒரு முறை தலையசைத்தார். மூவரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பட்டை.

படத்தில் ஏரி நிறைகிறது. கரைகாவலன் கையைத் தூக்குகிறான். ஒரு பக்கத்தை நிறுத்தினால் மறுபக்கம் கசிகிறது. அவன் ஷட்டர் சக்கரத்தைப் பிடிக்கும்போது நான் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணாவது ஷட்டர மொதல்ல தூக்கியிருக்கணும்” என்றார் மெதுவாக, தொழில்காரர் குரலில். மாலை போடும் காட்சியில் குனிந்து தரையைப் பார்த்தார்.

பிறகு கரைகாவலன் காலனிக்குப் போகிறான். தண்ணீர் வடிந்த வீடுகளின் சுவரைத் துணியால் துடைக்க ஆரம்பிக்கிறான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. ஒரு பெண் ஒரு வாளியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் டொக்கென்று வைக்கிறாள். “இந்தப் பக்கம் இன்னும் சேறு இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவ்வளவுதான். அவன் துடைக்கிறான். ஆறு நிமிடம் வெட்டே இல்லாமல் துடைக்கிறான். கோமளேஸ்வரன் கூட்டத்தார் எல்லாரும் எரிச்சலோடு எழுதியது இந்த ஆறு நிமிடத்தைப் பற்றித்தான்.

என் இருக்கைக்கு நேர் எதிரே ஏசி. கண்ணில் அடித்தது. என் தரப்பு அவ்வளவே.

திரும்பியபோது ஜெசிந்தா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். சித்தப்பாவின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விளக்குகள் எரிந்தன. துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்தார். “அஞ்சு நிமிஷம்க்கா” என்றாள் ஜெசிந்தா. அந்த அம்மா எங்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். மதியக் காட்சிக்கு வரிசை நின்ற பிறகுதான் அவர் கண் திறந்தார்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சுப்பா.”

“கடைசியில கைதட்டுனாங்களா?”

“இல்லப்பா.”

“ம்” என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “சரியாத்தான் எடுத்திருக்கான்.”

வெள்ளிக்கிழமை மன்றத்தில் கடைசி பெஞ்சில் ஜெசிந்தா வந்து உட்கார்ந்திருந்தாள். சத்தியசீலனும் நான்கைந்து பேரோடு வந்திருந்தான், என் வாயைக் கண்காணிக்க.

“எண் தப்புன்னு காட்டுறீங்களா?” என்றார் மெகருன்னிசா மேடம்.

“ஆமாங்க மேடம். முப்பத்தெட்டுப் பட்டை, ஆனா ஒரே ஆளு. எங்க வகுப்புப் பட்டை எல்லாத்தையும் ஒருத்தரே கட்டிக்கிட்டு ஏழு நாளும் படம் பார்த்தது.”

பின்னால் யாரோ “டேய்” என்றார்கள்.

“யாரு அந்த ஒருத்தர்?”

கடைசி பெஞ்ச் கிறீச்சிட்டது. அவள் எழுந்துகொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றேன்.

கோமளேஸ்வரன் இரண்டு கையையும் விரித்தார். “கேட்டுக்குங்க மேடம்! வாதாடற ஆளுக்கே தொண்ணூத்திநாலு சுளிப்பு! இவருக்கே சகிக்காத படம்!”

“சுளிப்பு இல்லங்க. அழுதேன்.”

“ஏழு தடவையுமா?”

“ஏழு தடவையும்.”

கூடம் சிரித்தது. பஞ்சுச் சுவர் ஒன்றையும் வெளியே விடவில்லை. எல்லாம் என்மேலேயே விழுந்தது. மூன்று வருடமாகக் கல்லூரிச் சுவரொட்டிப் பத்திரிகையில் அழுதவன், விழுந்தவன், காதல் கடிதம் கொடுத்தவன் ஒருவரையும் விடாமல் கிண்டலடித்தவன் நான். வரவேண்டிய சிரிப்புதான்.

மேடம் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமைத் தாளைத் திருப்பினார்.

“நேத்து உங்க எண் தனியா வந்திருக்கே?”

“நேத்து ஒரு பட்டைதாங்க.”

“தொண்ணூத்தொண்ணு.”

கூடம் சிரிப்பதை நிறுத்தியது. அவர் விரல் அதே தாளில் இன்னும் ஓர் எண்ணுக்கு நகர்ந்தது. அங்கே தொண்ணூற்று நான்கு என்று இருந்ததை நான் தலைகீழாகவே படித்தேன். அவர் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஜெசிந்தா இன்னும் பாதி எழுந்த நிலையில் நின்றுகொண்டிருந்தாள். மேடத்தின் பார்வை அவளுடைய முழுக்கைச் சட்டைக்கு இறங்கியது. பிறகு விரலை என் எண்ணுக்கே கொண்டுவந்தார்.

“உக்காரும்மா, மறைக்குது” என்றார்.

முப்பத்தெட்டை எடுத்துவிட்டால் மீதிப் பதினொரு பேரின் சராசரி இருபத்தேழு. படம் அப்படியே இருக்கலாம். முப்பத்தெட்டுப் பேருக்கும் ‘ஆழ்ந்த பார்வை’த் தாள் போனது. பொய்ப்பதிவு செய்த எனக்கு ஒரு வருடமும் சேர்ந்து போனது. சத்தியசீலனின் ஆர்டர் ரத்தானது. இன்றுவரை வகுப்பில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நீ செய்தது சரிதான் என்று இரண்டு பேர் தனியாக வந்து சொன்னார்கள். அவர்களும் அதன் பிறகு பேசுவதில்லை.

அன்று மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது கோமளேஸ்வரன் வியாழக்கிழமைத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஒரே ஒரு விஷயம் மேடம். இங்க இன்னொரு எண்ணப் பாருங்க. கடைசி ஆறு நிமிஷம், நாடி அப்படியே எறங்கிப்போச்சு. படம் முடிஞ்சும் ரெண்டு மணி நேரம் உள்ளயே இருந்திருக்கார். தூங்கியிருக்கார்! கருவியே ‘சலிப்பு’ன்னு போட்டிருக்கு. நீங்க மாத்த வேணாம், சரி. இதையாவது பதிவு பண்ணுங்க.”

மேடம் பேனாவோடு என்னைப் பார்த்தார். “தற்காப்பாளர் என்ன சொல்றீங்க?”

கடைசி பெஞ்சில் ஜெசிந்தா சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலை குனிந்திருந்தாள்.

“ஒத்துக்கறேன் மேடம்” என்றேன். “சலிப்புதான்.”

அவர் எழுதிக்கொண்டார்.